மண்ணை அள்ளியாச்சு... பள்ளத்தை சரிசெய்வது யார்? உயிர் பறிக்கும் கிராவல் குவாரிகள்!

கோடை விடுமுறை வந்தால் போதும், கைவிடப்பட்ட குவாரி குட்டையில் குளிக்கப்போன சிறுவர்கள் பலி என்ற செய்தி தமிழகத்தில் எங்காவது ஒரு ஊரில் இருந்து வந்துவிடுகிறது. ரோட்டுக்கும் வீட்டுமனைக்கும் கிராவல் அள்ளிய லாரிகள் போய்விடுகின்றன. பள்ளம் மட்டும் ஊருக்கு மிச்சம்!

ஆபத்து எங்கே?

ஏரிக்கரை சரிவாக இருக்கும். மெல்ல இறங்கலாம், ஏறலாம். கிராவல் பள்ளம் அப்படி இல்லை. பொக்லைன் வெட்டிய பக்கம் சுவர் மாதிரி நிற்கும். இறங்கிய உடனே ஆள் ஆழம். ஏறுவதற்கு கரையை பிடித்தால் ஊறிய மண் கையோடு பெயர்ந்து வரும். நீச்சல் தெரிந்தவர்களே திணறிப்போவார்கள். ஆடு, மாடு விழுந்தாலும் இதே கதிதான்.

விதி என்ன?

கிராவல், களிமண் போன்ற இளகிய மண்ணில் பள்ளத்தின் பக்கங்கள் 45 டிகிரிக்கு மேல் செங்குத்தாக இருக்கக்கூடாது என்று 1961-ம் ஆண்டு சுரங்க பாதுகாப்பு விதிகளிலேயே சொல்லப்பட்டது. இல்லாவிட்டால் படிப்படியாக வெட்ட வேண்டும். ஒரு படியின் உயரம் 1.5 மீட்டரை தாண்டக்கூடாது. அகலம் உயரத்தைவிட குறையக்கூடாது.

தோண்டிய இடத்தில் குத்தகைதாரர் மீண்டும் புல் வளர்க்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கும்படி 2020 ஜனவரியில் மத்திய அரசுக்கு சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. கால்நடை மேய்ச்சலுக்கு ஆகட்டும் என்பதே நோக்கம்.

எப்படி சரிசெய்வது?

பள்ளம் முழுவதையும் மூட வேண்டும் என்று அவசியம் இல்லை. கரையை சரிவாக்குவதுதான் முக்கியம். 6 மீட்டர் ஆழ பள்ளத்தை 45 டிகிரி சரிவாக்க, சுற்றிலும் 6 மீட்டர் நிலம் வேண்டும். எல்லை வரை வெட்டிவிட்டால் அதற்கு இடமே இருக்காது. அதனால் வெட்டும்போதே சரிவு விட்டு வெட்ட வேண்டும்.

முதலில் எடுக்கும் மேல்மண்ணை விற்காமல் ஓரமாக குவித்து வைக்க வேண்டும். கடைசியில் அதை சரிவின் மேல் பரப்பினால்தான் புல், வேம்பு, புங்கன் எல்லாம் பிடிக்கும். வேர் பிடித்தால் மழைக்கு கரை கரையாது. ஊர் குப்பையை கொட்டி மூடுவது மட்டும் கூடவே கூடாது. அந்த கழிவுநீர் இறங்கி பக்கத்து கிணறுகளை கெடுத்துவிடும்.

பள்ளமும் பயன்படும்! சென்னையை அடுத்த சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீரை 2017 வறட்சியில் சுத்திகரித்து சென்னை மக்களுக்கு கொடுத்தார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் ஊரில் வேலியில்லாத பள்ளம் இருக்கிறதா? சர்வே எண்ணுடன் கலெக்டர் அலுவலக குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு செலவிட, 2015 சட்ட திருத்தத்தின்படி மாவட்ட கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறது. அதில் இருந்து வேலி போட கேளுங்கள்.

அடுத்த லீவு வருவதற்குள் கரையை சரித்து வேலி போட்டால், ஒரு வீட்டு பிள்ளையாவது பிழைக்கும்!