திருந்தி வந்தவனுக்குப் படலை திறக்குமா?

மறியற்சாலையிலிருந்து ஒருவன் வீடு திரும்புகிறான். போதைப் பழக்கம் அவனை விட்டகன்று மாதங்கள் பல கடந்துவிட்டன. ஆயினும் அயலவர் அவனைக் கண்டதும் படலையைச் சாத்துகின்றனர். வேலை கேட்டுச் சென்றால் முதலாளி கையை விரிக்கிறார். தங்கைக்குப் பேசிவந்த சம்பந்தமும் முறிந்துபோகிறது. நோய் தீர்ந்தும் பெயர் தீரவில்லை. முகங்கொடுத்துப் பேசுவோர் பழைய கூட்டாளிகள் மட்டுமே. அவன் மீண்டும் அவர்களை நாடுவானாயின், குற்றம் அவனுடையது மட்டுந்தானா?

நமது நாட்டுச் சட்டம் கடுமையானது. போதைப்பொருள் கடத்துவோருக்கும், குறித்த அளவுக்கு மேல் ஹெரோயின் வைத்திருப்போருக்கும் மரணதண்டனை விதிக்க 1984 ஆம் ஆண்டிலேயே இடமளிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் ஆரம்பமான 'யுக்திய' நடவடிக்கையிற் பல்லாயிரவர் கைதாயினர். விற்பவனும் நோயாளியும் ஒரே வலையில் அகப்பட்டனர்.

நிற்க. ஒருகாலத்தில் நமது கரையோரத்தை ஆண்ட போர்த்துக்கல் என்ன செய்தது என்பதை நோக்குவோம். 1990களின் இறுதியில் அங்கே நூற்றுக்கு ஒருவர் வரையில் ஹெரோயினுக்கு அடிமைப்பட்டிருந்தனர். 2001 ஜூலை முதல், பத்து நாட்களுக்குப் போதுமான அளவுக்கு மேற்படாமல் சொந்தப் பாவனைக்கு வைத்திருத்தல் குற்றவியற் குற்றமாகாது என அந்நாடு விதித்தது. விற்பனை இன்றும் குற்றமே. அவ்வாறு பிடிபட்டவர் நீதவான் முன்னிலையிலன்றி, சட்டம், மருத்துவம், சமூகசேவை முதலிய துறைகளைச் சேர்ந்த மூவர் குழுவின் முன் செல்கிறார். சிகிச்சை நிலையங்களும் பெருகின. மீண்டு வந்தோரை வேலைக்கமர்த்திய முதலாளிமாருக்கு அரசாங்கம் உதவிப்பணம் வழங்கிற்று.

விளைவு யாது? ஊசி மூலம் போதை ஏற்றுவோரிடையே எய்ட்ஸ் கிருமித் தொற்று பெரிதும் குறைந்தது. நாடே போதையில் மூழ்கிவிடும் என்று அஞ்சியோரின் அச்சம் பலிக்கவில்லை. பிற்காலத்திற் சிகிச்சைக்கான பணம் சுருங்கியபோது சில நகரங்களிலே தொல்லை மீண்டும் தலைகாட்டியது உண்மையே. சட்டத்தைத் தளர்த்துவது மட்டும் போதாது, கைதூக்கிவிடுவதும் வேண்டும் என்பதையே அது உணர்த்துகிறது.

தண்டனைக் காலத்துக்கு ஒரு முடிவுண்டு. ஊரார் விதிக்கும் தண்டனைக்கோ முடிவே இல்லை. காமாலை கண்டு மீண்டவனை நாம் வெறுப்பதில்லை. இவனை மட்டும் ஏன் வெறுக்கிறோம்? அவனுக்கு வேண்டியது நமது இரக்கமன்று. ஒரு நாட்கூலி, அமர ஓர் இடம், பழைய பட்டப்பெயர் சொல்லாத ஓர் அழைப்பு.

சட்டத்தைத் திருத்துவது பாராளுமன்றத்தின் பொறுப்பு. படலையைத் திறப்பதோ நமது கையிலேயே உள்ளது.