துணிகர முதலீடு

துணிகர முதலீடு என்பது, வங்கிக் கடன் பெற இயலாத, ஆனால் மிக விரைவாக வளரும் வாய்ப்புள்ள புதிய நிறுவனங்களின் பங்குகளை வாங்கி அவற்றுக்கு நிதி வழங்கும் முறை ஆகும். இது துணிகர மூலதனம், இடர் மூலதனம் எனவும் அழைக்கப்படுகிறது. இதில் வட்டியோ, பிணையோ, தவணையோ இல்லை. நிறுவனம் தோற்றால் இட்ட பணம் போய்விடும். வென்றால் பங்கின் மதிப்பு பன்மடங்காகும்.

வரலாறு

இத்தொழிலின் தற்கால வடிவம் ஐக்கிய அமெரிக்காவில் உருவானது. 1946இல் ஜார்ஜஸ் டோரியட் முதலானோர் தொடங்கிய அமெரிக்கன் ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட் நிறுவனம் இதன் முன்னோடிகளுள் ஒன்று. அது 1957இல் டிஜிட்டல் எக்யூப்மென்ட் என்னும் கணினி நிறுவனத்தில் 70,000 டாலர் முதலிட்டுப் பெரும்பான்மைப் பங்குகளைப் பெற்றது. அக்கணினி நிறுவனம் 1966இல் பொதுப் பங்கு வெளியிட்ட பின்னர் அம்முதலீடு பல நூறு மடங்காகப் பெருகியது. ஒரே ஒரு பெருவெற்றி ஏனைய தோல்விகளை ஈடுசெய்யும் என்னும் இத்தொழிலின் அடிப்படை அப்போதே வெளிப்பட்டது.

1979இல் ஐக்கிய அமெரிக்கத் தொழிலாளர் துறை விதிகளைத் தெளிவுபடுத்தியதால், ஓய்வூதிய நிதியங்கள் தம் பணத்தில் சிறு பகுதியை இத்தகைய முதலீடுகளில் இட வழி பிறந்தது. துணிகர முதலீட்டாளர் எனப்படுவோர் பெரும்பாலும் தம் சொந்தப் பணத்தை இடுவதில்லை என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். ஆசிரியர்களின் ஓய்வூதியமும் பல்கலைக்கழக அறக்கட்டளைகளின் பணமுமே அவ்வழியே செல்கின்றன.

நிதியத்தின் கணக்கு

ஒரு நிதியம் வழக்கமாகப் பத்தாண்டுக் காலத்திற்கு அமைக்கப்படும். அதனை நடத்தும் பங்காளிகள் ஆண்டுதோறும் நிதியில் ஏறத்தாழ 2 விழுக்காட்டைக் கட்டணமாகவும், இறுதி இலாபத்தில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைப் பங்காகவும் பெறுவர்.

10 கோடி டாலர் கொண்ட நிதியம் ஒன்று மும்மடங்கைத் திருப்பித் தர வேண்டுமெனக் கொள்வோம். விற்கும் வேளையில் ஒவ்வொரு நிறுவனத்திலும் அதற்கு 20 விழுக்காடு பங்கு இருப்பின், அந்நிறுவனங்களின் மொத்த விலை 150 கோடி டாலராக இருத்தல் வேண்டும். அவற்றுள் பெரும்பாலானவை தோற்கும் என்பதால் இத்தொகையை ஓரிரு நிறுவனங்களே ஈட்டித்தர நேரிடும். ஆகவே, ஆண்டுதோறும் நல்ல இலாபம் தந்து, அளவோடு வளரும் ஒரு நிறுவனம் அதன் உரிமையாளருக்கு நிறைவளித்தாலும் துணிகர நிதியத்திற்குப் பயன்படாது. இது பேராசையினால் மட்டும் விளைவதன்று. கணக்கே அவ்வாறு அமைந்துள்ளது. முதலீட்டை ஏற்கும் நிறுவனர் இக்கணக்கையும் சேர்த்தே ஏற்கிறார்.

முன்னுரிமைப் பங்குகள்

முதலீட்டாளர் பெறுபவை பொதுவாக முன்னுரிமைப் பங்குகளாகும். நிறுவனரும் ஊழியரும் வைத்திருப்பவை சாதாரணப் பங்குகள். இவ்வேறுபாடு நிறுவனம் விற்கப்படும் நாளில்தான் பலருக்குப் புலப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 4 கோடி டாலர் முதலிட்டு 40 விழுக்காடு பங்கு பெற்றவர்கள் உள்ள நிறுவனம் 5 கோடி டாலருக்கு விற்கப்படுவதாகக் கொள்வோம். பங்கு வீதப்படி முதலீட்டாளருக்கு 2 கோடியும் ஏனையோருக்கு 3 கோடியும் சேர வேண்டும். ஆனால் இட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை இருப்பின், முதலீட்டாளர் 4 கோடியைப் பெறுவர். மற்ற அனைவருக்கும் எஞ்சுவது 1 கோடி மட்டுமே. செய்திகளில் வரும் நிறுவன மதிப்பைக் கொண்டு ஊழியர் தம் பங்கின் மதிப்பைக் கணக்கிடுவது இதனாலேயே பிழையாகிவிடுகிறது.

அண்மைக்கால மாற்றங்கள்

அமேசான் 2006இல் மேகக் கணிமைச் சேவைகளைத் தொடங்கிய பின், மென்பொருள் நிறுவனம் தொடங்கச் சொந்த வழங்கிகளை வாங்கும் தேவை குறைந்தது. 2005இல் தோன்றிய ஒய் காம்பினேட்டர், சிறு தொகைகளைப் பல நிறுவனங்களில் இடும் முறையைப் பரப்பியது.

மறுமுனையில் நிதியங்கள் பெருத்தன. 2017இல் சாஃப்ட்பேங்க் அமைத்த விஷன் நிதியம் ஏறத்தாழ 10,000 கோடி டாலர் அளவினது. அதன் ஆதரவு பெற்ற வீவொர்க் 2019இல் பொதுப் பங்கு வெளியீட்டைக் கைவிட்டு, 2023இல் திவால் பாதுகாப்புக் கோரியது. 2022இல் வட்டி வீதங்கள் உயர்ந்தபோது பொதுப் பங்கு வெளியீடுகள் வெகுவாகக் குறைந்தன. முதலீட்டைத் திரும்பப் பெறுவதும் தாமதமாயிற்று.

தனியாரிடமே பெருந்தொகை கிடைப்பதால் பல நிறுவனங்கள் பத்தாண்டுக்கு மேலாகியும் பங்குச் சந்தைக்கு வருவதில்லை. 2021இல் செக்கோயா கேப்பிட்டல் பத்தாண்டு வரம்பையே கைவிட்டு, முடிவுக்காலம் இல்லாத நிதியம் ஒன்றை அறிவித்தது. ஊழியருக்கு அத்தகைய நீட்டிப்பு எளிதில் கிடைப்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் பல நிறுவனங்களின் விதிப்படி, பணியிலிருந்து விலகுபவர் 90 நாட்களுக்குள் தமக்குரிய பங்குகளைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். தவறினால் அவ்வுரிமை அற்றுவிடும். சந்தைக்கு வராத பங்கை விற்று அப்பணத்தைத் திரட்டுவதும் அவருக்கு எளிதன்று. இக்காரணத்தால் சில நிறுவனங்கள் அக்கெடுவைப் பல ஆண்டுகளாக நீட்டித்துள்ளன. வேறு சில, ஊழியர் தம் பங்குகளைப் புதிய முதலீட்டாளருக்கு விற்க அவ்வப்போது வாய்ப்பளிக்கின்றன.