காட்டில் விழுந்த விமானம்: தகரத்தில் மறைந்திருக்கும் தகவல்

2012 அக்டோபர் 18. கோலாலம்பூர், செராஸ் சாலையில் உள்ள போர்வீரர் இடுகாட்டில் எட்டு விமானப் படையினருக்கு இராணுவ மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. அவர்கள் இறந்ததோ 1945 ஆகஸ்டு 23-ஆம் நாள். இடையில் ஓடியவை 67 ஆண்டுகள்!

அந்த எட்டுப் பேரும் பிரிட்டனின் அரச விமானப் படையின் லிபரேட்டர் விமானத்தில் வந்தவர்கள். அதன் பதிவு எண் கேஎல் 654. ஜப்பான் சரணடைவதாக அறிவித்து எட்டு நாள்களே ஆகியிருந்தன. மலாயாக் காடுகளில் இருந்த ஃபோர்ஸ் 136 படையினருக்குப் பொருள்களைப் போடுவதற்காக, இந்தியப் பெருங்கடலின் கோக்கோஸ் தீவுகளிலிருந்து விமானம் புறப்பட்டது. நெகிரி செம்பிலான் காட்டு மலையில் விழுந்தது. 2009-இல்தான் மலேசியக் குழுவினர் அங்கிருந்து எச்சங்களை மீட்டனர்.

மாணவர்களே, அடர்ந்த காட்டில் கிடக்கும் உடைந்த உலோகத் துண்டுகளை வைத்து, அது எந்த விமானம், உள்ளே இருந்தவர்கள் யார் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதல் சான்று, எண்கள். விமானத்தின் இயந்திரத்திலும் பல பாகங்களிலும் வரிசை எண் பொறித்த சிறு தகடுகள் இருக்கும். எந்த விமானம் எந்த நாளில் திரும்பவில்லை என்பதை விமானப் படைகள் பதிவேட்டில் குறித்து வைத்திருக்கின்றன. தகட்டில் உள்ள எண்ணைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டால் விமானம் தெரியும்; அதில் சென்றவர்களின் பெயர்களும் தெரியும்.

இரண்டாவது சான்று, துண்டுகள் கிடக்கும் இடம். நீண்ட தூரம் சிதறியிருந்தால் விமானம் சாய்வாக வந்து மோதியிருக்கலாம். ஒரே குழியில் குவிந்திருந்தால் செங்குத்தாக விழுந்திருக்கலாம். விமானி அறையின் பாகங்கள் எங்கே உள்ளன என்று தெரிந்தால், மனித எச்சங்களை எங்கே தேடுவது என்பதும் தெரியும். அதனால்தான் ஆய்வாளர்கள் கயிறு கட்டி நிலத்தைக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டையும் படம் எடுத்து, அளந்து, வரைபடத்தில் குறித்த பிறகே கையில் எடுக்கிறார்கள். மண்ணைச் சல்லடையில் சலித்துப் பொத்தான், பல், எலும்புத் துணுக்கு போன்றவற்றையும் தேடுகிறார்கள்.

இப்போது நினைத்துப் பாருங்கள். பழைய இரும்புக் கடையில் விற்பதற்காகவோ, வீட்டில் அழகுக்கு வைப்பதற்காகவோ, யாராவது அந்த எண் தகட்டைக் கழற்றிக் கொண்டு போய்விட்டால்? அவருக்குக் கிடைப்பது ஒரு துண்டு உலோகம். ஆனால் எங்கோ ஒரு குடும்பம் தேடிக்கொண்டிருக்கும் பதில் காணாமல் போய்விடலாம்.

மனிதர் எடுக்காவிட்டாலும் இயற்கை சும்மா இருப்பதில்லை. ‘அலுமினியம் துருப்பிடிக்காதே’ என்று நீங்கள் கேட்கலாம். தூய அலுமினியத்தின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காக்கிறது. ஆனால் தூய அலுமினியம் மென்மையானது. விமானம் கட்ட அதன் வலிமை போதாது. எனவே ஏறத்தாழ 4 விழுக்காடு செம்பு சேர்த்த கலப்புலோகத்தைப் பயன்படுத்தினார்கள். செம்பு வலிமை தருகிறது. அதுவே பிறகு பகையாகிறது. ஈரம் பட்டதும் செம்பு மிகுந்த நுண்துகள்களைச் சுற்றியுள்ள அலுமினியம் அரிக்கப்படுகிறது.

இதைத் தடுக்கவே அக்கால விமானத் தகடுகளின் இரு பக்கமும் தூய அலுமினியத்தை மெல்லியதாகப் பூசினார்கள். விபத்தில் தகடு கிழியும்போது உள்ளே இருக்கும் கலப்புலோகம் வெளியே தெரிகிறது. அங்கேதான் அரிப்பு தொடங்குகிறது.

எஃகுத் திருகாணி அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களிலும் ஆபத்து உண்டு. மின்வேதியியல் தொடரில் அலுமினியம் இரும்பைவிட வினைமிக்கது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் அந்த இடம் ஒரு சிறு மின்கலம் போல வேலை செய்யும். அலுமினியம் கரைந்து எஃகைக் காப்பாற்றும். கிள்ளான் துறைமுகப் பக்கம் வசிப்பவர்கள் வீட்டு அலுமினியச் சன்னலைக் கவனியுங்கள். திருகாணியைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால், அதே வினைதான் அங்கும் நடக்கிறது.

மீட்டு வந்த பாகத்தைப் பளபளவென்று தேய்ப்பது பெரிய தவறு. எண்ணும் சின்னமும் எழுதிய பழைய சாயம் போய்விடும். மென்மையான தூரிகையால் மண்ணை அகற்றி, உப்பு நீக்கிய நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, ஈரப்பதம் குறைந்த அறையில் வைக்க வேண்டும். கடலிலிருந்து எடுத்தவற்றுக்கு வேலை இன்னும் அதிகம். 2013-இல் ஆங்கிலக் கால்வாயிலிருந்து ஜெர்மனியின் டோர்னியர் 17 விமானத்தைத் தூக்கி எடுத்தார்கள். அதன் பாகங்களில் ஊறிய உப்பையும் படிந்த அழுக்கையும் நீக்க, சிட்ரிக் அமிலம் கலந்த நீரை நீண்ட காலம் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். எலுமிச்சையில் இருக்கும் அதே அமிலம்தான்!

இந்தப் போர் நமக்குத் தொலைவில் நடந்ததல்ல. 1945 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் பி-29 விமானங்கள் வீசிய குண்டில், பிரிக்ஃபீல்ட்சுக்கு அருகில் இருந்த சிலாங்கூர் அரும்பொருளகம் சிதைந்தது. அந்த விமானங்களின் தளங்கள் வங்காளத்தின் கரக்பூரைச் சுற்றி இருந்தன. அரும்பொருளகம் இருந்த இடத்தில்தான் 1963 முதல் தேசிய அரும்பொருளகம் நிற்கிறது. பழம்பொருள்களைக் காத்த கட்டடத்தையே போர் விட்டுவைக்கவில்லை.

காட்டுப் பயணத்தில் இப்படி ஒரு சிதைவை நீங்கள் கண்டால் என்ன செய்வது?

தொடாதீர்கள். வெடிக்காத குண்டோ தோட்டாவோ இருக்கலாம். துருப்பிடித்த குண்டு பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். அக்காலக் கருவிகள் சிலவற்றின் முகப்பில், இருளில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த சாயம் பூசியிருப்பார்கள். ஒளி மங்கியிருந்தாலும் கதிர்வீச்சு மங்கியிருக்காது. ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். 80 ஆண்டுகளில் மிகச் சிறிதே குறைந்திருக்கும்.

தள்ளி நின்று படம் எடுங்கள். கைப்பேசியில் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் மூலம் காவல் துறைக்கோ மாவட்ட அலுவலகத்துக்கோ தெரிவியுங்கள். பாரம்பரிய மதிப்புள்ள பொருளைக் கண்டால் தெரிவிக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டமும் சொல்கிறது.

செராஸ் சாலைப் பக்கம் போனால் அந்த இடுகாட்டுக்கு ஒருமுறை சென்று வாருங்கள். அறுபது ஆண்டுகளுக்கும் மேல் காட்டில் கிடந்த எட்டுப் பேருக்கு இன்று அங்கே ஓர் இடம் இருக்கிறது.