பச்சை உடம்புக்குக் காற்று ஆகாதா?

சித்திரை பிறந்துவிட்டால் என்னிடம் தவறாமல் வருகிற கேள்வி இது: "டாக்டர், வீட்டுல பிள்ளை பெத்தவ இருக்கா. ஏர்கூலர் போடலாமா? மாமியார் கூடவே கூடாதுங்கறாங்க."

சில வருடங்களுக்கு முன், அக்னி நட்சத்திரத்தில், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கூப்பிட்டார்கள். பிறந்து ஆறு நாளான குழந்தைக்குக் காய்ச்சல். அறைக்குள் நுழைந்ததும் எனக்கே மூச்சு முட்டியது. ஜன்னலில் சாக்கு அடைத்திருந்தது. மூலையில் சாம்பிராணிப் புகை. தாயின் காதில் பஞ்சு, தலையில் துணிக்கட்டு. நாள் முழுக்க மூன்று டம்ளர் வெந்நீர்தான் கொடுத்திருக்கிறார்கள்! குழந்தைக்கு நாக்கு உலர்ந்து, பால் இழுக்கக்கூடத் தெம்பில்லை.

"காத்துப் பட்டா ஜன்னி கண்டுரும் அய்யா, இது ஊர் வழக்கம்" என்றார் பாட்டி.

மருந்துப் பெட்டியை நான் திறக்கவே இல்லை. பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கை வைத்தியம் கூடாது. அது எந்த வைத்தியருக்கும் பொருந்தும். வண்டி பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் பிரசவ ஜன்னி வந்தது உண்மைதான். ஆனால் அது காற்றால் வரவில்லை. கழுவாத கையாலும் அழுக்குக் கத்தியாலும் வந்த தொற்று அது. பத்தியத்தையோ பிரசவ லேகியத்தையோ நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருப்பது பத்தியமே இல்லை.

சரி, கூலருக்கு வருவோம். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையில் கசிகிற நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கூலரிலும் அதேதான், விசிறியும் சின்ன மோட்டாரும் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். வீட்டுக் கூலர் பெரும்பாலும் 200 வாட்ஸுக்குள் ஓடிவிடும். ஒரு டன் ஏ.சி.க்குச் சுமார் 1,000 வாட்ஸ் வேண்டும்.

மதுரை, வேலூர் மாதிரி வறண்ட வெயில் அடிக்கிற ஊரில் நன்றாகவே குளிரும். சென்னைக் கடற்கரைப் பக்கம் காற்றிலேயே ஈரம் இருப்பதால் பிசுபிசுப்புதான் மிஞ்சும். இன்னொன்று, ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் கூலர் போட வேண்டும். நம்மவர்கள் ஏ.சி. ஞாபகத்தில் சாத்திவிடுகிறார்கள்! தாய் மேலும் பிள்ளை மேலும் நேராக அடிக்காமல் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். பிள்ளையின் உடம்பு ஈரமில்லாமல் இருக்கட்டும். வசதியில்லையா? ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளியுங்கள், போதும்.

தொட்டித் தண்ணீர்தான் எனக்குப் பயம். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். நம் வீட்டுத் தண்ணீரில் கொசு வளர்ந்தால் 1939-ஆம் வருடத்துப் பொது சுகாதாரச் சட்டப்படி நோட்டீஸ் கொடுக்க இடமுண்டு. கிராமம், டவுன் என்கிற பேதம் கொசுவுக்குக் கிடையாது. வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, ஓரங்களைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். கொட்டுகிற தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் காய்ந்த மண்ணில் ஊற்றிவிடுங்கள்.