சிறுநீரகத்தின் சேதி, 22 எழுத்தில்

கேகாலை, இரத்தினபுரி இறப்பர் தோட்டங்களில் விடியுமுன் பால்வெட்டப் போகிறவர்களுக்குக் குணக்கட்டுவா பாம்பைத் தெரியாமல் இராது. மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும். சருகோடு சருகாகக் கிடக்கும் குட்டை விரியன். பெரும்பாலும் கடிவாய் வீங்கி வலிப்பதோடு போய்விடும். சிலருக்கு மட்டும் சிறுநீரகம் பழுதாகும். இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து இந்த நஞ்சை முறிக்காது. ஆகவே அந்தச் சிலர் யார் என்று நேரத்தோடு கண்டுபிடிப்பது முக்கியம்.

வார்டில் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறிவிட்டது. சிறுநீரகத்துக்கு இப்படியொரு குழாய் கிடையாது. இரத்தத்தில் அளக்கும் கிரியேட்டினின் என்ற கழிவு உண்டு; ஆனால் சேதம் நடந்து ஒன்றிரண்டு நாள் போனபிறகே அது தெளிவாக உயரும்.

இந்த இடைவெளியை மைக்ரோ ஆர்.என்.ஏ. நிரப்புமா என்று பார்க்கிறார்கள். சுமார் 22 மரபெழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. துண்டு அது. தானாக எந்தப் புரதத்தையும் உண்டாக்காது. புரதம் செய்யவந்த வேறு ஆர்.என்.ஏ.யில் ஒட்டிக்கொண்டு அதன் வாயை அடைக்கும். 1993இல் ஒரு மில்லிமீட்டர் புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோசுக்கும் கேரி ரவ்கனுக்கும் 2024இல் நோபல் கிடைத்தது. அது புழுவின் விசித்திரம் என்றுதான் பலரும் வெகுகாலம் நினைத்திருந்தார்கள்.

வெறும் ஆர்.என்.ஏ.யை இரத்தத்தில் விட்டால் நொதிகள் உடனே சிதைத்துவிடும். மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களோ புரதத்தோடு பிணைந்தோ, நுண்ணிய கொழுப்புப் பைக்குள் புகுந்தோ தப்புகின்றன. ஆக, உடையும் உயிரணுவிலிருந்து வெளியேறும் இத்துண்டுகள் இரத்தத்தில் அகப்படும். கல்லீரல் இதில் கொடுத்துவைத்தது: மிர்-122 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. பெரும்பாலும் அதற்கே உரியது. பராசிட்டமோல் அளவுமீறினால், வழக்கமான கல்லீரல் நொதிகளை முந்திக்கொண்டு அது ஏறும்.

சிறுநீரகத்துக்கு அப்படித் தனி முத்திரை வாய்க்கவில்லை. அங்கே ஏறும் மிர்-21, புற்றுநோயிலும் அழற்சியிலும் ஏறும். குணக்கட்டுவா கடியில் இன்னொரு வில்லங்கம்: சிலருக்கு நுண்குழாய்களில் இரத்தம் கட்டி, அதில் உரசிச் சிவப்பணுக்கள் உடையும். அவற்றுக்குள்ளோ மிர்-451 நிறைந்திருக்கிறது. ஊசி குத்தும்போது இரத்தம் சிதைந்தாலும் அதே மிர்-451 அளவுதான் எகிறும். நோயா, கைத்தவறா என்று எப்படிச் சொல்வது?

பாம்பு நஞ்சல்ல, வேறொரு நஞ்சான ஒட்சாலிக் அமிலத்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட இலங்கை நோயாளிகளின் இரத்தத்தில் இத்துண்டுகளை ஆராய்ந்த கட்டுரை 2020இல் வெளிவந்தது. நம்பிக்கை தரும் தொடக்கம்தான். கொவிட் காலத்தில் பழகிய பி.சி.ஆர். வழியிலேயே இவற்றையும் அளக்கலாம் என்பதால், கருவி பெரிய தடையாக இராது என்பது என் எண்ணம். ஒரே துண்டை நம்பாமல் பலவற்றைச் சேர்த்து, சிவப்பணுக் கலப்பைக் கழித்துப் பார்க்கும் கணக்குத்தான் இன்னும் கைகூட வேண்டியிருக்கிறது.