பிரெஞ்சு வினையின் நிகழ்கால விகுதிகள்

வினைமுற்று தன் எழுவாயைத் தானே உணர்த்தவல்லது என்பது தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. 'பேசுகிறேன்' என்ற அளவிலே 'நான்' என்பது விளங்கிவிடும். பிரெஞ்சு வினையும் இடத்திற்கும் எண்ணிற்கும் ஏற்ப விகுதி பெறுவதே. ஆயினும், ஏவல் ஒழிந்த இடங்களில் அம்மொழியில் எழுவாயை விட்டு வினைமுற்றை மட்டும் கூறுதல் வழுவாகும். இதன் காரணம் ஆராயற்பாலது.

பிரெஞ்சு வினைகளுட் பெரும்பாலன 'ஈ, ஆர்' என்னும் எழுத்துக்களை ஈற்றிலே கொண்ட முதல் வகுப்பைச் சார்ந்தன. 'பேசுதல்' எனப் பொருள்படும் 'பார்லே' அவற்றுள் ஒன்று. அவ்வீற்றை நீக்க எஞ்சும் அடியோடு, ஒருமையில் தன்மைக்கு 'ஈ', முன்னிலைக்கு 'ஈ, எஸ்', படர்க்கைக்கு 'ஈ' என்பன சேரும். பன்மையில் முறையே 'ஓ, என், எஸ்', 'ஈ, இசட்', 'ஈ, என், ரி' என்பன சேரும்.

ஒலிக்குமிடத்து இவை ஏறத்தாழ 'ஜ பார்ல்', 'த்யூ பார்ல்', 'இல் பார்ல்', 'நூ பார்லோன்', 'வூ பார்லே', 'இல் பார்ல்' என அமையும். ஆறிடங்களுள் நான்கில் விகுதி ஒலிப்பதில்லை. ஆகவே பேசுவோன் யாவன் என்பதை எழுவாயே செவிக்கு அறிவிக்கின்றது. 'அவன் பேசுகிறான்', 'அவர்கள் பேசுகிறார்கள்' என்னும் இரண்டும் ஒரே ஒலியினவாதலின், அங்கு எண்ணை இடம் நோக்கியே உணர்தல் வேண்டும். வினை உயிரொலியில் தொடங்கினாலோ வேறுபாடு வெளிப்படும். 'எமே' என்பது 'நேசித்தல்'. 'அவன் நேசிக்கிறான்' என்பது 'இல் எம்'. 'அவர்கள் நேசிக்கிறார்கள்' என்பது 'இல்ஸ் எம்'. எழுவாயின் ஈற்றில் ஊமையாய் நின்ற எழுத்து ஈண்டு ஒலி பெறுகின்றது.

தாய்மொழியாகிய இலத்தீனில் இந்நிலை இல்லை. 'அமோ', 'அமாஸ்', 'அமத்' என விகுதிகள் தெளிவாக ஒலித்தமையின், தமிழிற் போல எழுவாய் தோன்றாதும் நின்றது. காலப்போக்கில் ஈற்றொலிகள் தேய, எழுவாய் இன்றியமையாததாயிற்று. பழைய விகுதிகளின் சுவடு எழுத்திலே தங்கிற்று.

பயன்பாட்டிற் பிரெஞ்சு தமிழுக்கு அணித்தாகும். 'பேசுகிறான்' என்பது போலவே 'இல் பார்ல்' என்பதும் வழக்கமான செயலையும் இப்பொழுது நிகழும் செயலையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இவற்றுக்கு இரு வடிவங்கள் வேண்டும். 'மூன்று ஆண்டுகளாக இங்கு வாழ்கிறேன்' என்பதைப் பிரெஞ்சும் நிகழ்காலத்தாலேயே கூறும். 'வூ' என்பது 'நீங்கள்' போல ஒருவரை மதித்து விளிக்கவும் பயன்படும். ஆங்கில இலக்கண நூல் வழியாகப் பிரெஞ்சு பயிலும் மாணவர் இவ்வொற்றுமைகளைக் காணத் தவறின், எளியதை அரியதாக்கிக் கொள்வர்.

ஆதலின் வாய்பாட்டை எழுவாயோடு சேர்த்தே உரக்கப் படித்தலும், படித்ததை உடனே எழுதிப் பார்த்தலும் வேண்டும். சொல்வதெழுதுதலில் ஒலியாத விகுதிகளை விட்டுவிடும் பிழை அப்பயிற்சியாலேயே நீங்கும்.