இடப்பக்கம் மட்டும் திரும்பும் வண்டி

செங்கத்திலிருந்து ஜமுனாமரத்தூர் பக்கம் பைக்கில் மலையேறுகிறவர்களுக்கு அந்த வளைவுகள் பழக்கமானவை. மழைத்தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து போட்ட சரளை சாலையின் பாதியை மூடிக் கிடக்கும். பின்சக்கரம் அதில் ஏறியதும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கால் தானாக பிரேக்கைத் தேடும். அழுத்தினால் கீழே கிடப்போம் என்பது ஒருமுறை விழுந்தவருக்குத் தெரியும்.

அந்த வழுக்கலையே ஓட்டும் முறையாக வைத்துக்கொண்ட ஒரு பந்தயம் நூறாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது. ஸ்பீட்வே என்று பெயர். 260 மீட்டரிலிருந்து 425 மீட்டர் வரை நீளமுள்ள நீள்வட்ட மண் தடம். ஓட்டத்துக்கு நான்கு பேர், நான்கு சுற்று. கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடுவதால் எல்லா வளைவும் இடப்பக்கம்தான். ஒரு நிமிடம் முன்னே பின்னே ஓட்டம் முடிந்துவிடும். வண்டிகளில் பிரேக் கிடையாது.

வெளிநாட்டுச் சுற்றுலா என்று குடும்பத்தோடு ஒருமுறை போகக் காசு சேர்க்கிறவர்களிடம், பயணத்தின் நடுவில் இந்தப் பந்தயம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லிவருகிறேன். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் வண்டியைப் பார்த்துவிடலாம்.

நம் தெருவில் ஓடும் வண்டியில் இருக்கும் பாதிப் பொருள்கள் இதில் இருக்காது. பேட்டரி, கிக்கர், விளக்கு, மீட்டர் எதுவும் இல்லை. பின்சக்கரத்துக்குப் பெரும்பாலும் ஷாக் அப்சார்பர்கூட வைப்பதில்லை. ஓட ஒரே கியர். மெக்கானிக் பின்னாலிருந்து தள்ளித்தான் ஸ்டார்ட் செய்கிறார்கள். முன்சக்கரம் 23 அங்குலம், ஒல்லியாக சைக்கிள் சக்கரம் மாதிரி உயர்ந்து நிற்கும்; பின்சக்கரம் 19 அங்குலம். வலப்பக்கம் மட்டும் கால் மிதி உண்டு. இடக்கால் தரையோடு தேய்ந்துகொண்டே போவதால், பூட்சின் அடியில் இரும்புத் தகடு ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள்.

எஞ்சின் ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், 500 சிசி. வண்டியின் குறைந்தபட்ச எடை 77 கிலோ என்று விதி. எஞ்சின் கொடுப்பது 70 குதிரைத்திறனுக்கு மேல். நம்மூர் 350 சிசி புல்லட்டின் எடை 190 கிலோவுக்கு மேல், திறன் 20 குதிரை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புறப்பாட்டுக் கோட்டில் கட்டிய டேப் மேலே போன கணத்தில் இந்த வண்டி எப்படிப் பாயும் என்பது விளங்கும்.

இவ்வளவு திறன் வருவதில் எரிபொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. பெட்ரோல் ஊற்றுவதில்லை, சுத்தமான மெத்தனால். கள்ளச்சாராயச் சாவுகளில் நாம் கேள்விப்படுகிற அதே நஞ்சு. எடைக்கு எடை பார்த்தால் மெத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் பாதிகூட இல்லை. ஆனால் எஞ்சினுக்குத் தட்டுப்பாடு காற்றில்தான் வருகிறது. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் இழுக்கும் காற்று இவ்வளவுதான் என்று அளவுண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். அதனால் அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் மெத்தனாலை ஊற்றி எரிக்கலாம், ஆற்றல் கணக்கில் குறைந்தது ஈடாகிவிடுகிறது. உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது. மெத்தனால் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தைப் பெரிய அளவில் உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே போகும் கலவை குளிர்ந்து அடர்த்தியாகிறது. பெட்ரோல் தாங்காத அழுத்தத்துக்கு அதை நெருக்கினாலும் முன்கூட்டியே வெடிப்பதில்லை. நெருக்க நெருக்கத் திறன் கூடுகிறது.

இந்த எஞ்சின்களுக்குப் பல தலைமுறையாக ஆமணக்கு எண்ணெயைத்தான் மசகாகப் போட்டுவந்தார்கள். அதீத வெப்பத்திலும் உலோகத்தை விட்டு விலகாமல் ஒட்டிநிற்கும் குணம் அதற்கு உண்டு. ஸ்பீட்வே ரசிகர்கள் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லும் அந்த மணம், விளக்கெண்ணெய் தீய்ந்த மணம்தான். நம் வீட்டுப் பாட்டிகளை அழைத்துப்போனால் மைதான வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வண்டி வளைவில் திரும்ப வேண்டுமானால், வளைவின் மையத்தை நோக்கி அதை ஏதோ ஒரு விசை தள்ள வேண்டும். தார்ச்சாலையில் டயரின் பிடிப்பு அந்த வேலையைச் செய்கிறது. உதிரி மண்ணில் அந்தப் பிடிப்பு போதாது. ஸ்பீட்வே வீரர் வளைவுக்கு முன்பே வண்டியை இடப்பக்கம் சாய்த்து, ஆக்சிலேட்டரை முறுக்கி, பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிடுகிறார். பின்பக்கம் வெளியே ஒதுங்க, வண்டியின் மூக்கு வளைவின் உட்பக்கம் பார்க்கிறது. இப்போது எஞ்சின் கொடுக்கும் உந்துவிசை மூக்கு பார்க்கும் திசையில், அதாவது முன்னோக்கியும் மையத்தை நோக்கியும் சேர்ந்தே தள்ளுகிறது. திருப்புகிற வேலையில் பெரும்பங்கை எஞ்சினே எடுத்துக்கொள்கிறது. வண்டி மிதமிஞ்சி உள்ளே சுழன்றுவிடாமலிருக்க ஹேண்டில்பாரை வலப்பக்கம் ஒடித்து வைத்திருப்பார். இடப்பக்கம் திரும்பும் வண்டியில் முன்சக்கரம் வலப்பக்கம் பார்க்கும் காட்சியை முதல்முறை பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள்.

குறுக்காக வழுக்கும் பின்சக்கரம் மண்ணை வாரி இறைத்துக்கொண்டே வேகத்தையும் கொஞ்சம் தின்றுவிடுகிறது. வேகத்தைக் குறைக்க இது போதும். நேர்தடத்தில் மணிக்கு 110 கிலோமீட்டரைத் தொடும் வண்டிகள் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றின்பின் ஒன்றாகப் போகும்போது, முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர் அவர்மேல்தான் ஏறுவார். பிரேக் யாருக்குமே இல்லை என்பதுதான் இங்கே பாதுகாப்பு. பயந்துபோய் ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடுவதும் ஆபத்து. வழுக்கிக்கொண்டிருந்த பின்சக்கரத்துக்கு ஒரே கணத்தில் பிடிப்பு திரும்பினால் வண்டி விருட்டென்று நிமிர்ந்து ஓட்டுபவரை வெளிப்பக்கம் வீசிவிடும். விழும் வீரரைத் தாங்க வளைவுகளில் காற்றடைத்த மெத்தைச் சுவர் வைத்திருக்கிறார்கள். கைமணிக்கட்டில் கட்டிய கயிறு ஒன்று எஞ்சினோடு இணைந்திருக்கும். ஆள் வண்டியை விட்டுப் பிரிந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் அணையும்.

இந்த விளையாட்டின் பிறப்பை, ஆஸ்திரேலியாவின் மேற்கு மைட்லாண்ட் ஊரில் 1923 டிசம்பரில் ஜானி ஹோஸ்கின்ஸ் நடத்திய பந்தயத்திலிருந்து கணக்கிடுவது வழக்கம். 1928-ல் அது இங்கிலாந்துக்குப் போனது. 1936-ல் லண்டன் வெம்பிளியில் முதல் உலகப் பட்டத்தை ஆஸ்திரேலியர் லயனல் வான் பிராக் வென்றார். லண்டனில் நம்மவர்கள் நிறைய வாழும் ஈஸ்ட் ஹாமுக்கு அருகில், கஸ்டம் ஹவுஸ் பகுதியில் வெஸ்ட் ஹாம் மைதானம் என்று பிரம்மாண்டமான ஸ்பீட்வே தடம் இருந்தது. 1972-ல் இடித்து வீடு கட்டிவிட்டார்கள். தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் டூட்டிங்கை ஒட்டிய விம்பிள்டன் தடத்தில் 2005 வரை வண்டிகள் ஓடின. இப்போது அங்கே கால்பந்து அரங்கம். லண்டன் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு நடந்துபோய்ப் பார்க்கும் வாய்ப்பு நம் தலைமுறைக்கு இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். இங்கிலாந்தில் பார்க்க வேண்டுமானால் 2016-ல் திறந்த மான்செஸ்டர் தேசிய ஸ்பீட்வே அரங்கத்துக்குப் போகலாம்.

இன்றைக்கு இந்த விளையாட்டின் தலைநகரம் போலந்து. அங்கே கிரிக்கெட்டுக்கு நாம் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இதை வைத்திருக்கிறார்கள். ஆறு முறை உலகப் பட்டம் வென்று, நியூசிலாந்தின் ஐவன் மேஜர், ஸ்வீடனின் டோனி ரிக்கார்ட்சன் இருவரோடும் சமநிலையில் நிற்கும் பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக் போலந்துக்காரர். வார்சாவின் தேசிய அரங்கத்தில் லாரி லாரியாக மண் கொட்டித் தற்காலிகத் தடம் போட்டு, ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கூடும் உலகச் சுற்று, அதாவது உலகப் பட்டப் போட்டியின் ஒரு சுற்று, நடத்தியிருக்கிறார்கள். கோப்பர்நிக்கஸ் பிறந்த தோருன் ஊரில் 2009-ல் திறந்த அருமையான தனித் தடம் இருக்கிறது.

ஆனாலும் முதல்முறை போகும் தமிழ்க் குடும்பத்துக்கு நான் செக் நாட்டைத்தான் சொல்வேன். காரணம் ஜாவா. மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் 1960-களின் தொடக்கத்திலிருந்து 1996 வரை செய்த ஜாவா, யெஸ்டி வண்டிகள் நம் ஊர்களில் ஓடாத தெரு இல்லை. கிக்கரையே முன்னால் மடித்துப்போட்டு கியர் லீவராக மிதித்த அந்த வண்டியை அப்பாவோ பெரியப்பாவோ ஓட்டியிருப்பார். அதன் தாய் நிறுவனம் 1929-ல் ப்ராகில் தொடங்கியது. ப்ராகிலிருந்து 50 கிலோமீட்டர் தூரத்தில் டிவிஷோவ் என்ற சிற்றூரில், எசோ என்ற பெயரில் யாரோஸ்லாவ் சிமாண்டல் தொடங்கிய பட்டறை 1964-ல் ஜாவாவோடு சேர்ந்தது. அங்கே செய்த ஸ்பீட்வே வண்டிகள்தான் பிறகு உலகத் தடங்களை ஆண்டன. ஐவன் மேஜர் பட்டங்கள் வென்றதும் ஜாவாவில்தான். ப்ராகின் தேசியத் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பார்க்கலாம்.

ப்ராகில் உலகச் சுற்று நடக்கும் மார்கேட்டா அரங்கம் சின்னது. எந்த இருக்கையும் தடத்துக்குப் பக்கம்தான். குடும்பத்துக்கு ஏற்ற பந்தயம் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.7 கிலோமீட்டர். கோலாலம்பூர் போகும் நம்மவர்கள் பார்க்க ஆசைப்படும் செபாங் மோட்டோ ஜிபி தடம் 5.5 கிலோமீட்டர். அங்கெல்லாம் வண்டி நம் முன்னால் ஒரு நொடி மின்னிவிட்டு மறைந்துபோகும். யார் முந்தினார் என்பதைத் திரையில்தான் பார்க்க வேண்டும். சின்னக் குழந்தைகள் அரை மணியில் சலித்துப்போகும். ஸ்பீட்வேயில் புறப்பாட்டிலிருந்து முடிவுக்கோடு வரை நான்கு வண்டியும் கண்முன்னேயே இருக்கும். ஒரு நிமிட ஓட்டம், பிறகு சில நிமிட இடைவேளை. அந்த இடைவேளைகளில் அவ்வப்போது டிராக்டர்கள் வந்து மண்ணைப் பரப்பும், தண்ணீர் தெளிக்கும். என் கணிப்பில் பையன்களுக்கு அந்த டிராக்டர்களும் பந்தயத்துக்குச் சமம்.

சமீப ஆண்டுகளில் ப்ராக் சுற்று மே கடைசி அல்லது ஜூன் தொடக்கச் சனிக்கிழமையில் வந்திருக்கிறது. நம் கோடை விடுமுறையின் வால்பகுதி. பள்ளி திறக்கும் தேதியோடு மோதுகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அது ஒத்துவராவிட்டால், ப்ராகிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்திலுள்ள பர்டுபிட்சே ஊரில் 1929-லிருந்து நடந்துவரும் தங்கத் தலைக்கவசப் பந்தயம் இருக்கிறது. செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் நடப்பது வழக்கம். காலாண்டுத் தேர்வு விடுமுறையை ஒட்டி வரும். ஆனால் விடுமுறை குறுகியது, குளிரும் தொடங்கியிருக்கும்.

செங்கத்துக்காரர்களுக்குச் சென்னை விமான நிலையமும் பெங்களூரு விமான நிலையமும் ஏறக்குறைய சம தூரம். இரண்டிலும் டிக்கெட் விலை பார்த்து முடிவு செய்யலாம். சென்னையிலிருந்து ப்ராகுக்கு நேர் விமானம் இல்லை, துபாய் அல்லது தோஹாவில் மாற வேண்டும். விசா ஷெங்கன் விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் கூட்டம் நெருக்கும் என்பதால் சீக்கிரம் போடுவது நல்லது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 வயதிலிருந்து 12-க்குள் 45 யூரோ, 6 வயதுக்குக் கீழ் கட்டணமில்லை. 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் பாஸ்போர்ட் செல்ல வேண்டும்.

ஊருக்குள் 22-ம் எண் டிராம் ப்ராக் கோட்டையைக் கடந்து மார்கேட்டா இருக்கும் ப்ரெவ்னோவ் பகுதிக்கே போகிறது. பகலில் கோட்டை, மாலையில் பந்தயம் என்று வைத்துக்கொண்டால் ஒரே வண்டியில் முடிந்துவிடும். மே கடைசியில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். இருட்டியதும் குளிரும், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் அவசியம். காதுக்கு அடைப்பான் கட்டாயம் வேண்டும். வளைவில் முன்வரிசை எடுத்தால் மண் மேலே தெறிக்கும். அதை ரசிக்கிறவர்கள் எடுக்கலாம், பாட்டியோடு போகிறவர்கள் சற்று மேலே உட்காருங்கள். முதல் வளைவு தெரிகிற இடமாக இருந்தால் போதும், பல ஓட்டங்கள் அங்கேயே முடிவாகிவிடும்.

கணக்கு வைத்துக்கொள்வது எளிது. நான்கு வீரர்களுக்கும் சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் என்று தலைக்கவச நிறம். முதலாவது வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவர்களுக்கு 2, 1, கடைசிக்குப் பூஜ்யம். டேப்பைத் தொட்டவருக்கு அந்த ஓட்டமே போச்சு. உலகச் சுற்றில் ஒவ்வொருவரும் 5 முறை ஓடும்படி 20 ஓட்டம் வகுத்திருப்பார்கள். பிறகு வரும் ஓட்டங்களையும் இறுதியையும் சேர்த்து மொத்தம் 23. நுழைவாயிலில் விற்கும் நிகழ்ச்சிப் புத்தகத்தில் இதற்கென்றே கட்டங்கள் போட்டிருக்கும். ரசிகர்கள் பேனாவும் கையுமாக ஒவ்வொரு ஓட்டத்தையும் நிரப்புவார்கள். எண் எழுதத் தெரிந்த பிள்ளையிடம் அந்தப் புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். நல்ல மழை பெய்தால் தடம் சேறாகிப் பந்தயம் நின்றுவிடும், மறுநாளுக்குத் தள்ளிவைக்கவும் கூடும். டிக்கெட்டில் மாற்று நாள் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். பந்தயம் சனிக்கிழமை என்றால் திரும்பும் விமானத்தைத் திங்கட்கிழமைக்கு முன்பாகப் போடாதீர்கள்.